ஹாஸ்டல் அறையில் சொந்த வைஃபை ரவுட்டர்: அனுமதிக் கடிதம் முதல் நோ டியூஸ் வரை

ஹாஸ்டல் வைஃபை காரிடாரில் நன்றாக வரும், மெஸ் பக்கமும் வரும். அறைக் கதவைச் சாத்தினால் ஒரே ஒரு கோடுதான் நிற்கும். ஆன்லைன் டெஸ்ட் நடுவில் அந்தக் கோடும் போய்விட்டால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓட வேண்டியதுதான். அதனால்தான் முதல் செமஸ்டர் முடிவதற்குள்ளேயே பலரும் சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். வாங்குவதில் ஒரு கஷ்டமும் இல்லை. வாங்கியதைக் கல்லூரி நெட்டில் முறைப்படி சேர்த்து, அடுத்த அறைக்காரர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், பறிமுதல் ஆகாமல் படிப்பு முடியும்வரை ஓட்டுவதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

எங்கள் கல்லூரியில் இதற்கென்று எழுதிவைத்த நடைமுறை எதுவும் இல்லை. வார்டன் ஆபீஸில் கேட்டால் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போகச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் சென்டரில் கேட்டால் "முதலில் வார்டன் கையெழுத்து வாங்கிக்கொண்டு வா" என்றார்கள். இந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளை மனதில் வைத்து எழுதியது. விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், ஆனால் மாட்டிக்கொள்ளும் இடங்கள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

1. ரவுட்டர் உண்மையிலேயே வேண்டுமா?

கடைக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். அறைச் சுவரில் லேன் பாயின்ட் (கேபிள் வழியாகக் கல்லூரி நெட் வரும் செருகுமிடம்) இருக்கிறதா? இருந்தால் யாரிடமாவது ஒரு லேன் கேபிள் கடன் வாங்கி லேப்டாப்பில் நேராகச் செருகிப் பாருங்கள். இப்போதைய மெல்லிய லேப்டாப்களில் லேன் போர்ட் இருக்காது. அப்படியென்றால் யுஎஸ்பி அடாப்டர் வைத்திருக்கும் நண்பரைப் பிடியுங்கள்.

காலை ஒருமுறை, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை வேகம் பாருங்கள். கேபிளில் வேகமாகவும் வைஃபையில் மெதுவாகவும் வந்தால் ரவுட்டரால் பலன் உண்டு. கேபிளிலேயே ஆமை வேகம் என்றால் எவ்வளவு விலையுள்ள ரவுட்டரும் உதவாது. பல கல்லூரிகளில் ஒரு மாணவர் கணக்குக்கு இவ்வளவுதான் வேகம் என்று கட்டிவைத்திருப்பார்கள். அந்த அளவைத்தான் ரவுட்டர் நாலு சாதனத்துக்குப் பிரித்துக் கொடுக்கும். கூட்டிக் கொடுக்காது.

சுவரில் பாயின்ட்டே இல்லை என்றால் நேராக 11-ஆம் பகுதிக்குப் போங்கள். கல்லூரி வைஃபையை வாங்கி மறுபடி வீசும் ரிப்பீட்டர் வகைச் சாதனங்களை வாங்கிவிடாதீர்கள். பயனர்பெயர், பாஸ்வேர்டு இரண்டும் கேட்கும் வைஃபையில், பல கல்லூரிகளுக்குப் பொதுவான எடுரோம் உட்பட, சாதாரண வீட்டு ரிப்பீட்டர் நுழையவே முடியாது. காசு தண்டம்.

2. விதியைத் தேடிப் படியுங்கள்

இரண்டு இடத்தில் தேட வேண்டும். ஒன்று, சேரும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஹாஸ்டல் விதிப் புத்தகம். அயர்ன் பாக்ஸ், கெட்டில், ஹீட்டர் எல்லாம் தடை என்று சொல்லும் பக்கத்தில் "பிற மின்சாதனங்கள்" என்று ஒரு வார்த்தை இருக்கும். ரவுட்டரை அதில் சேர்த்துப் பிடிக்கும் வார்டன்கள் உண்டு. இரண்டாவது, கம்ப்யூட்டர் சென்டரின் நெட்வொர்க் பயன்பாட்டு விதி. இது பெரும்பாலும் கல்லூரி இணையதளத்தில் எங்கோ ஓர் ஓரத்தில் பி.டி.எஃப். ஆகக் கிடக்கும்.

படித்த பிறகு நீங்கள் மூன்றில் ஒரு நிலையில் இருப்பீர்கள். தனி ரவுட்டர் கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது, அனுமதியோடு வைக்கலாம் என்று இருக்கிறது, எதுவுமே எழுதவில்லை. முதல் நிலை என்றால் அதோடு நிறுத்திவிடுங்கள். ஒளித்துவைத்து ஓட்டலாம் என்று சீனியர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். எந்தப் பாயின்ட்டில் என்ன சாதனம் மாட்டியிருக்கிறது என்பது சர்வர் அறையில் உட்கார்ந்திருப்பவருக்குத் திரையில் தெரியும். மாடியேறி வந்து தேட வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

எதுவும் எழுதவில்லை என்பதுதான் பலர் ஏமாறும் நிலை. தடை இல்லை என்பதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரச்சினை வரும் நாளில் "யாரைக் கேட்டு வைத்தாய்?" என்றுதான் கேட்பார்கள்.

3. அனுமதிக் கடிதமும் கூட வைக்க வேண்டிய தாள்களும்

வாயால் வாங்கும் அனுமதிக்கு மதிப்பில்லை. வார்டன் அடுத்த வருஷம் மாறிவிடுவார். எழுத்தில்தான் வாங்க வேண்டும். ஒரே கடிதத்தை வார்டன், கம்ப்யூட்டர் சென்டர் பொறுப்பாளர் இருவர் பெயரிலும் எழுதி, கீழே இருவரும் கையெழுத்துப் போட இடம் விட்டுவிடுங்கள். "அவர் போடட்டும், அப்புறம் நான்" என்ற சுழற்சி இதில்தான் முடியும். முதலில் போக வேண்டியது கம்ப்யூட்டர் சென்டர். தொழில்நுட்ப ரீதியாக ஆட்சேபம் இல்லை என்று அவர்கள் எழுதிவிட்டால் வார்டனுக்குத் தயக்கம் இருக்காது. வரிசையை மாற்றிப் போனால் அலைச்சல்தான்.

கடிதத்தில் ஐந்தாறு வரி போதும். பெயர், பதிவு எண், அறை எண், சுவர் பாயின்ட்டின் எண், ரவுட்டரின் பெயரும் மாடலும், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பது. பாயின்ட்டின் எண் முக்கியம். அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் முகப்பைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மேலே சின்னதாக ஒரு ஸ்டிக்கரோ மார்க்கரில் எழுதிய எழுத்தோ இருக்கும்: ஹாஸ்டல் எழுத்து, அறை எண், பாயின்ட் ஒன்றா இரண்டா என்பது. பெயின்ட் அடித்தபோது மறைந்துபோயிருந்தால் நகத்தால் லேசாகச் சுரண்டினால் தெரியும். அந்த எண்ணை எழுதிக் கொடுத்தால் அவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே வேலையை முடித்துவிடுவார்கள். எழுதாவிட்டால் யாராவது ஒருவர் உங்கள் அறைவரை வர வேண்டும், அது எப்போது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இன்னும் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் 10 வாட்டுக்குள்தான் மின்சாரம் இழுக்கும் என்பது ஒன்று. நாள் முழுக்க ஓடினாலும் மாதத்துக்கு ஏழு யூனிட்தான் ஆகும். மின்சாதனம் என்று தயங்கும் வார்டனுக்கு இது பதில். வேறு அறைக்கு நெட் கொடுக்க மாட்டேன் என்ற உறுதிமொழி இன்னொன்று. சில கல்லூரிகளில் இதையே தனியாக அண்டர்டேக்கிங் லெட்டர் என்று பெற்றோர் கையெழுத்தோடு கேட்பார்கள். ஊருக்குப் போகும்போதே வாங்கிவந்துவிடுங்கள்.

கூட வைக்க வேண்டியவை: ஐ.டி. கார்டு நகல், அறை ஒதுக்கீட்டுச் சீட்டின் நகல், ரூம்மேட்கள் எல்லோரும் "ஆட்சேபம் இல்லை" என்று போட்ட கையெழுத்து. ரவுட்டர் வாங்கிய பிறகு ஜி.எஸ்.டி. பில் நகலும், அடிப்பக்க லேபிளின் போட்டோவும். எல்லாவற்றிலும் இரண்டு செட் எடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டோம்" என்று தேதியோடு சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது கொடுப்பது? சேர்க்கை நடக்கும் வாரங்களில் கொண்டுபோகாதீர்கள். முதலாம் ஆண்டு மாணவர் எல்லோருக்கும் லாகின் உருவாக்கும் வேலையில் அந்த அறையே திணறிக்கொண்டிருக்கும். செமஸ்டர் தேர்வு நெருங்கும்போதும் வேண்டாம். வகுப்புகள் ஓடத் தொடங்கி, கூட்டம் குறைந்த பிறகு, ஒரு வேலை நாளின் மதியத்துக்கு மேல் போவதுதான் நல்லது.

அனுமதி கைக்கு வரும்வரை ரவுட்டர் வாங்காதீர்கள். மாடலை மட்டும் முடிவு செய்து கடிதத்தில் எழுதினால் போதும்.

4. என்ன வாங்குவது, எவ்வளவு ஆகும்

இரண்டே வகைதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் உள்ள சிறிய ரவுட்டர் சுமார் ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு வரை. 2.4, 5 இரண்டும் உள்ள டூயல் பேண்ட் வகை சுமார் ஆயிரத்து ஐந்நூறு முதல் மூவாயிரம் வரை. கொஞ்சம் கூட ஆனாலும் டூயல் பேண்ட்தான் வாங்க வேண்டும் என்பது என் கருத்து. ஹாஸ்டலில் 2.4-இல் நெரிசல் தாங்காது. ப்ளூடூத் இயர்போன், மவுஸ், நூறு பேர் ஹாட்ஸ்பாட் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டினால் சட்டென்று வலுவிழக்கும். வீட்டில் அது குறை; ஒரே அறைக்குள் பயன்படுத்துகிற நமக்கு அதுவே வசதி.

நாலு ஆன்டெனா, ஆறு ஆன்டெனா, "மூன்று படுக்கையறை வீட்டுக்கு ஏற்றது" என்ற விளம்பரம் எதுவும் தேவையில்லை. அட்டைப்பெட்டியில் இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள்: ஆக்சஸ் பாயின்ட் மோடு (என்ன என்பது 7-ஆம் பகுதியில்) உண்டா, போர்ட்கள் 100 எம்.பி.பி.எஸ்-ஆ கிகாபிட்டா (அதாவது 1000). கல்லூரி பாயின்ட் 100 தான் என்றால் கிகாபிட்டுக்குக் கூடக் காசு கொடுக்க வேண்டாம்.

சென்னையில் இருப்பவர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கிறது. பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் நூறு ரூபாய் குறைத்துத் தருவார்கள். ஆனால் வாரன்டிக்கும் கல்லூரியில் காட்டுவதற்கும் பில் வேண்டும். அமெரிக்காவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த ரவுட்டர் என்றால் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 120 மட்டும் போட்டிருந்தால் நம் சுவர் பிளக்கில் செருகிய நொடியில் போய்விடும்.

கேட் 6 லேன் கேபிள் மூன்று மீட்டர் நூறு, இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பெட்டியோடு வரும் கேபிள் ஒரு மீட்டர்கூட இருக்காது, சுவரிலிருந்து மேசைக்கு எட்டாது. கரன்ட் அடிக்கடி போகும் ஊரில் ரவுட்டருக்கான மினி யுபிஎஸ் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்குள் வரும். வாங்கும்போது வோல்ட் பொருந்த வேண்டும். சில சிறிய ரவுட்டர்கள் 9 வோல்ட்டிலும் பெரும்பாலானவை 12 வோல்ட்டிலும் ஓடுகின்றன. எல்லாம் சேர்த்து மூன்று பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஆயிரத்து அறுநூறைத் தாண்டாது. பங்கு போடுவதானால் கடைசியில் ரவுட்டர் யாருக்கு என்பதை இன்றே பேசிவிடுங்கள்.

5. மேக் முகவரியைப் பதிவு செய்யுங்கள்

மேக் முகவரி என்பது ஒவ்வொரு நெட் சாதனத்துக்கும் உள்ள தனி அடையாள எண். ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள். பார்கோடு பக்கத்தில் "மேக்" (MAC) என்று போட்டு, இரண்டிரண்டாக ஆறு ஜோடி எழுத்தும் எண்ணும் இருக்கும். 8-உம் பி-யும், பூஜ்யமும் டி-யும் அந்தப் பொடி அச்சில் ஒன்றுபோலத் தெரியும். கையால் எழுதாமல் போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டர் சென்டருக்கு அனுப்புங்கள். ஓர் எழுத்து மாறினாலும் நெட் வராது, எதனால் வரவில்லை என்றும் யாருக்கும் புரியாது.

இங்கே ஒரு பொறி. பல ரவுட்டர்களில் லேபிளில் இருக்கும் மேக் ஒன்று, கல்லூரிப் பக்கம் தெரியும் மேக் வேறு. கடைசி எழுத்து ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கும். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் (திறக்கும் விதம் 7-ஆம் பகுதியில்) "இன்டர்நெட்" அல்லது "வேன்" (WAN) என்ற தலைப்பின் கீழ் இருப்பதுதான் பதிவு செய்ய வேண்டியது. லேபிள் போட்டோவோடு இந்தத் திரையின் படத்தையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

லேப்டாப்பின் மேக்கை ரவுட்டருக்குப் போட்டுக்கொள்ளும் "குளோன்" வசதி இருக்கும். பதிவைத் தவிர்க்க அதைப் பயன்படுத்தாதீர்கள். அப்படிச் செய்துவிட்டு அதே லேப்டாப்பைக் கல்லூரி நெட்டின் வேறொரு பாயின்ட்டில் செருகினால் ஒரே மேக் இரண்டு இடத்தில் தெரியும், இரண்டுமே தடுமாறும்.

6. கம்பி எந்தப் போர்ட்டில் போகிறது: மிக முக்கியமான படி

மற்றதை எல்லாம் வேகமாகப் புரட்டினாலும் இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

ரவுட்டரின் பின்பக்கம் ஐந்து போர்ட் இருந்தால் நாலு ஒரே நிறத்தில் இருக்கும், ஒன்று மட்டும் தனியாக, பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். அதன் மேல் "வேன்" அல்லது "இன்டர்நெட்" என்று அச்சிட்டிருக்கும். எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கும் மாடல்களும் உண்டு, அப்போது எழுத்தைப் பாருங்கள். சுவரிலிருந்து வரும் கேபிள் அந்த ஒன்றில்தான் போக வேண்டும். மீதி நாலும் லேன். உங்கள் லேப்டாப்புக்கும் டெஸ்க்டாப்புக்கும் உரியவை.

சுவர்க் கேபிளை லேனில் செருகிவிட்டால் என்ன ஆகும்? புதிய ரவுட்டர் ஒவ்வொன்றும், தன்னோடு சேரும் சாதனங்களுக்கு ஐ.பி. முகவரி (நெட்டில் அந்தச் சாதனத்தைக் குறிக்கும் எண்) கொடுக்கும் வேலையைத் தானாகவே செய்யும். டி.எச்.சி.பி. என்பது இதுதான். லேன் பக்கம் சுவரோடு சேர்ந்துவிட்டால், உங்கள் ரவுட்டர் அந்த மாடியில் உள்ள எல்லா அறைக்கும் முகவரி கொடுக்கத் தொடங்கும். கல்லூரி சர்வரும் கொடுக்கும், உங்கள் ரவுட்டரும் கொடுக்கும். யார் முந்துகிறார்களோ அவர்கள் கொடுத்தது நிற்கும். பக்கத்து அறை மாணவர் லேப்டாப்பைத் திறப்பார். நெட் இணைந்திருப்பதாகக் காட்டும், லாகின் பக்கம் மட்டும் வராது. அவருடைய முகவரி கல்லூரியின் 10 அல்லது 172 வரிசையில் இல்லாமல் 192.168.0 என்று தொடங்கும். அவர் ரீஸ்டார்ட் செய்து பார்ப்பார், கேபிளை மாற்றிப் பார்ப்பார். கோளாறு நாலு அறை தள்ளி உங்கள் மேசை மேல் இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை.

கல்லூரிகள் ரவுட்டரைத் தடை செய்வதற்குப் பெரிய காரணமே இதுதான். யாரோ ஒருவர் போர்ட் மாற்றிச் செருகியதில் ஒரு மாடியே தேர்வுக்கு முந்தைய இரவு நெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். நல்ல நெட்வொர்க் சுவிட்ச் (எல்லா அறைக் கேபிளும் வந்து சேரும் பெட்டி) வைத்திருக்கும் கல்லூரிகளில் இப்படி முகவரி கொடுக்கும் போர்ட்டை அதுவாகவே முடக்கிவிடும். அப்போது உங்கள் பாயின்ட் செத்துப்போகும், திறக்க மறுபடி கம்ப்யூட்டர் சென்டருக்கு நடக்க வேண்டும்.

இதே போல இன்னொன்று. அறையில் இரண்டு பாயின்ட் இருக்கிறதே, வேகம் இரட்டிப்பாகும் என்று நினைத்து இரண்டிலிருந்தும் ரவுட்டருக்குக் கேபிள் இழுக்காதீர்கள். வேகம் கூடாது. இரண்டும் லேன் போர்ட்டில் போய்விட்டால் வட்டச் சுற்று ஏற்பட்டு மாடி நெட்டே நின்றுவிடலாம். காரிடார் கூரையில் தொங்கும் கல்லூரி வைஃபைப் பெட்டியின் கேபிளைக் கழற்றிப் பயன்படுத்துவதையும் நினைத்தே பார்க்காதீர்கள்.

செருகியதும் வேன் போர்ட்டைச் சுற்றி ஒரு கலர் டேப் ஒட்டிவிடுங்கள். நீங்கள் ஊருக்குப் போன நேரத்தில் அறையைப் பெருக்க வருபவர் கேபிளைக் கழற்றி ஏதோ ஒரு ஓட்டையில் திரும்பச் செருகிவிடலாம்.

7. சுவரில் செருகும் முன் செட்டிங் முடியுங்கள்

முதல் நாள் ரவுட்டருக்குக் கரன்ட் மட்டும் கொடுங்கள், சுவர்க் கேபிள் வேண்டாம். லேப்டாப்பை ரவுட்டரோடு இணைத்து பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 அடித்தால் செட்டிங் பக்கம் வரும். எது என்று லேபிளில் இருக்கும்.

அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபைக்கு டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 என்ற பாதுகாப்பு முறையை வைத்துப் பன்னிரண்டு எழுத்துக்குக் குறையாத பாஸ்வேர்டு போடுங்கள். பட்டனை அமுக்கினாலே இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியை அணைத்துவிடுங்கள், ஹாஸ்டலில் அது ஆபத்து. வெளியிலிருந்து நிர்வகிக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை பெயரைக் கல்லூரி வைஃபை பெயர் போல வைக்காதீர்கள், மற்றவர்கள் குழம்பி உங்கள் ரவுட்டரில் தங்கள் கல்லூரிப் பாஸ்வேர்டை அடிப்பார்கள். அறை எண்ணைப் பெயரில் வையுங்கள். பிரச்சினை என்றால் நேராக உங்களிடம் வந்து சொல்வார்கள், புகார் மேலே போகாது.

லேன் முகவரி வரிசையையும் மாற்றுங்கள். கல்லூரியும் 192.168.0 வரிசையே பயன்படுத்தினால் ரவுட்டர் குழம்பும். 192.168.77.1 போல யாரும் வைக்காத ஒன்றாக வையுங்கள்.

கடைசியாக, ரவுட்டர் மோடா ஆக்சஸ் பாயின்ட் மோடா என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் கம்ப்யூட்டர் சென்டரில் கேளுங்கள். ரவுட்டர் மோடில் அறையில் உள்ள எல்லாச் சாதனமும் கல்லூரிக்கு ஒரே சாதனமாக, உங்கள் பெயரில் தெரியும். ஆக்சஸ் பாயின்ட் மோடில் ஒவ்வொரு போனும் தனித்தனியாகத் தெரியும், ஒவ்வொருவரும் தங்கள் லாகினில் நுழைய வேண்டும். அனுமதித்தால் இரண்டாவதுதான் எல்லோருக்கும் நியாயமானது. ஆனால் ஒரு பாயின்ட்டுக்கு ஒரு மேக் என்று கட்டிவைத்த கல்லூரியில் அது ஓடாது.

8. லாகின் பக்கம் வராவிட்டால்

எல்லாம் சரியாக இருந்தும் பலர் நிற்கும் இடம் இது. முதலில் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இன்டர்நெட் ஐ.பி. பாருங்கள். 0.0.0.0 என்று இருந்தால் மேக் பதிவாகவில்லை, அல்லது பாயின்ட் செத்திருக்கிறது, அல்லது கேபிள் சரியில்லை. கேபிள் முனையில் உள்ள பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் 'டக்' என்ற சத்தம் வராது, தொட்டாலே நழுவும். அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

ஐ.பி. வந்தும் லாகின் பக்கம் வரவில்லையா? தளத்தின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தருவது டி.என்.எஸ். ரவுட்டரில் கூகுள் டி.என்.எஸ். 8.8.8.8 போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். கல்லூரியின் டி.என்.எஸ். வழியாகப் போனால்தான் பல இடங்களில் லாகின் பக்கம் திறக்கும். ஆண்ட்ராய்டு போனில் "பிரைவேட் டி.என்.எஸ்." அணைந்திருக்க வேண்டும். பிறகு பிரவுசரில் நெவர்எஸ்எஸ்எல்.காம் (neverssl.com) என்று அடித்துப் பாருங்கள். பூட்டுக் குறி இல்லாத சாதாரணத் தளம் அது, லாகின் பக்கத்தை இழுத்துவரும்.

ஆக்சஸ் பாயின்ட் மோடில் போன் மட்டும் தினமும் புதிய சாதனம் போலப் பதிவு கேட்டால், போனின் மேக் மாறுகிறது என்று அர்த்தம். ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 முதல் போன்கள் உண்மையான மேக்கை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. உங்கள் அறை வைஃபைக்கு மட்டும் அதை அணைத்து, சாதனத்தின் சொந்த மேக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

இரவு குறிப்பிட்ட நேரத்தில் நெட்டை நிறுத்தும் ஹாஸ்டல்கள் உண்டு. அப்போது ரவுட்டரில் விளக்கு எரியும், நெட் வராது. ரீசெட் ஊசியை எடுக்காதீர்கள், செய்த செட்டிங் எல்லாம் போய்விடும்.

9. சிக்னலை அறைக்குள் அடக்குங்கள்

2.4-இல் சானல் 1, 6, 11 மூன்றில் ஒன்றை வையுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 40 வைத்தால் உங்களுக்கும் பலன் இல்லை, பக்கத்து அறைகளையும் கெடுப்பீர்கள். 5-இல் 40 மெகாஹெர்ட்ஸ் போதும். ட்ரான்ஸ்மிட் பவர் என்று இருக்கும் இடத்தில் "லோ" வையுங்கள். பத்துக்குப் பத்து அறைக்கு அதுவே தாராளம். ரவுட்டரை ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் வைக்காதீர்கள், இரும்பு சிக்னலைத் தின்றுவிடும். மேசை மேல், காற்றுப்படும் இடத்தில் இருக்கட்டும்.

10. பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது?

எந்த லாகினிலிருந்து எந்தத் தளம் எப்போது திறந்தது என்பது நெட்டைக் காவல் காக்கும் கல்லூரி ஃபயர்வாலில் பதிவாகும். ரவுட்டர் மோடில் அது உங்கள் லாகின். பாஸ்வேர்டு ரூம்மேட்டிடமிருந்து அவர் நண்பருக்கு, அங்கிருந்து அடுத்த பிளாக்குக்குப் போய்விட்டால், யாரோ செய்ததற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நீங்கள் நிற்பீர்கள். "ஒரு பத்து நிமிஷம் கொடு மச்சான்" என்று கேட்பவரை மறுப்பது கஷ்டம்தான். அதற்குத்தான் கெஸ்ட் நெட்வொர்க் என்ற வசதி இருக்கிறது, கொடுத்துவிட்டு அப்புறம் அணைத்துவிடலாம். மாதத்துக்கு ஒருமுறை, இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

இடி மின்னல் நேரத்தில் கரன்ட் பிளக்கோடு லேன் கேபிளையும் கழற்றுங்கள். வெளிச்சுவர் வழியாக ஓடும் கேபிள்களில் மின்னல் பாய்ந்து ரவுட்டரும் லேப்டாப்பும் சேர்ந்து போவதுண்டு. ஐப்பசி, கார்த்திகையில் இதை மறக்காதீர்கள்.

11. அனுமதி கிடைக்காவிட்டால்

லேப்டாப்புக்கு மட்டும் போதும் என்றால் யுஎஸ்பி லேன் அடாப்டர் வாங்குங்கள். ஐந்நூறு முதல் ஆயிரத்து இருநூறு வரை. கேபிள் செருகினால் வேலை முடிந்தது. போனுக்கும் வேண்டும் என்றால் விண்டோஸில் உள்ள மொபைல் ஹாட்ஸ்பாட், கேபிளில் வரும் நெட்டை எட்டுச் சாதனம் வரை பகிரும். ஆனால் ரவுட்டரைத் தடுக்கும் விதி பல இடங்களில் இதையும் தடுக்கும், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கல்லூரி நெட்டே வேண்டாம் என்றால் சொந்த சிம். போன் ஹாட்ஸ்பாட் போதாவிட்டால் சிம் போடும் 4ஜி ரவுட்டர் சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து கிடைக்கும். சிம்முக்கு ஆதார் போதும். வாங்குவதற்கு முன் உங்கள் அறையில் எந்த நிறுவனத்தின் சிக்னல் வருகிறது என்று நண்பர்களின் போன்களை ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். ஜியோ, ஏர்டெல் இரண்டும் தரும் ஏர்ஃபைபர் (கேபிள் இல்லாமல் வரும் வீட்டு நெட்) என்பதற்குப் பெரும்பாலும் மொட்டைமாடியிலோ வெளிச்சுவரிலோ பெட்டி மாட்ட வேண்டியிருக்கும். ஹாஸ்டலில் அதற்குச் சம்மதம் வாங்குவது ரவுட்டரைவிடக் கஷ்டம், தனி வீடு எடுத்துத் தங்குபவர்களுக்கே அது சரிப்படும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலர் முயன்று பார்ப்பதே இல்லை. கல்லூரி வைஃபையையே சரிசெய்யக் கேட்பது. "நெட் ஸ்லோ" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். போனில் ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டு, அறைக்குள் சிக்னல் அளவைப் பாருங்கள். மைனஸ் 65 என்றால் நல்ல சிக்னல், மைனஸ் 80 என்றால் வீடியோ வகுப்பு ஓடாது. அறை எண், நேரம், இந்த அளவு, காரிடாரில் வரும் அளவு நாலையும் எழுதி, வரிசையாக நாலைந்து அறைக்காரர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். எங்கே இன்னொரு பெட்டி வைக்க வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். வாங்க ஒப்புதல் கேட்பதற்கு அவர்களுக்கும் அது உதவும்.

12. அறை மாறும்போதும் படிப்பு முடியும்போதும்

வருஷம் மாறி அறை மாறினால் பழைய அனுமதி செல்லாது. பாயின்ட் எண் மாறிவிட்டது என்று ஒரு வரிக் கடிதம் கொடுத்துவிட்டு, அவர்கள் மாற்றிய பிறகே செருகுங்கள். நீண்ட விடுமுறைக்குப் போகும்போது ரவுட்டரைக் கழற்றி பீரோவில் பூட்டிவிடுங்கள்.

ஜூனியருக்கு விற்பதானால் ரீசெட் செய்து கொடுங்கள். அது மட்டும் போதாது. அந்த மேக் கல்லூரிப் பதிவில் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கும். வாங்கும் ஜூனியருக்கும் இதே எச்சரிக்கைதான். சீனியர் பெயரில் ஓடும் ரவுட்டரைப் பில்லோடு வாங்கி, உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்ட பிறகே மாட்டுங்கள். பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்கும் நோ டியூஸ் படிவத்தில் கம்ப்யூட்டர் சென்டர் கையெழுத்துக்குப் போகும்போது, மேக்கை நீக்கச் சொல்லி ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். நீக்கியதாகத் தேதியோடு எழுதித் தரும் நகலைச் சான்றிதழ் ஃபைலிலேயே வைத்திருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் அந்தக் கவுன்டரில் நீண்ட வரிசை நிற்கும், கடைசித் தேர்வுக்கு முந்தைய வாரமே போய்விடுங்கள்.